இரண்டு ஏக்கர், இரண்டு மாடு: எந்த எரு எந்த வயலுக்கு?

ரசாயன உரத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்த சிறு விவசாயி முன் முதல் வருடமே வந்து நிற்கும் கேள்வி, யூரியாவுக்குப் பதில் என்ன என்பதுதான். தொழுஉரம், மண்புழு உரம், தக்கைப்பூண்டு, ஆட்டுக்கிடை, கோழி எரு, பிண்ணாக்கு, ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா என்று எட்டுப் பத்துப் பெயர்கள் காதில் விழும். ஒவ்வொன்றையும் யாராவது புகழ்வார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துபார்த்து, இருக்கிற சாணத்தையும் ஆள்கூலியையும் எட்டுப் பக்கமும் சிதறவிட்டால், இரண்டாம் வருடம் பயிர் வெளிறும். மூன்றாம் வருடம் யூரியா மூட்டை மறுபடி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அது விவசாயியின் தவறு அல்ல. இவற்றையெல்லாம் ஒரே தராசில் வைத்து யாரும் நிறுத்துக் காட்டவில்லை.

நிறுக்க வேண்டியது தழைச்சத்தை, அதாவது யூரியா தரும் நைட்ரஜனை. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தேவைதான். ஆனால் இயற்கை முறைக்கு மாறும் வயலில் முதலில் காலை வாருவது தழைச்சத்துதான்.

காவிரிப் பாசனப் பகுதியில், ஆழ்குழாய்க் கிணறும் உள்ள இரண்டு ஏக்கரை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை ஏக்கரில் சம்பா நெல். அரை ஏக்கரில் கத்தரி, வெண்டை, கீரை. கொட்டிலில் இரண்டு நாட்டு மாடு.

ஒரு டன் நெல் விளைவதற்குப் பயிர், வைக்கோலையும் சேர்த்து, 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்து எடுக்கும். 60 கிலோ மூட்டைக் கணக்கில் ஏக்கருக்கு 25 மூட்டை என்றால் ஒன்றரை டன். ஒன்றரை ஏக்கருக்கு மொத்தம் 34 முதல் 45 கிலோ தழைச்சத்து. இதில் ஒரு பங்கை மண்ணும், தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் தரும். மீதியை நாம்தான் கொடுக்க வேண்டும். காய்கறிக்குத் தேவை இதைவிடக் கூட. அதுவும் வருடம் முழுக்க.

தொழுஉரம்: நல்லதுதான், ஆனால் எவ்வளவு இருக்கிறது?

நாட்டு மாடு ஒன்று நாளைக்குப் பத்துக் கிலோ அளவுக்குச் சாணம் போடும். இரண்டு மாட்டுக்கு வருடம் 7 டன் பச்சைச் சாணம். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கூளமும் கோமியமும் சேர்த்து ஒழுங்காக மட்க வைத்தால் கையில் கிடைப்பது 4 டன் அளவு. மட்கிய தொழுஉரத்தில் தழைச்சத்து அரை சதவீதம். ஆக 20 கிலோ. நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் என்பதுதான் வழக்கமான பரிந்துரை. இரண்டு ஏக்கருக்கும் பரப்பினால் ஏக்கருக்கு 2 டன்கூட நிச்சயமில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த 20 கிலோவில் முதல் பருவத்துக்குப் பயிர் கையில் சிக்குவது நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான். மீதி அடுத்தடுத்த பருவங்களில் மெல்ல விடும். "ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். முதல் வருடம் தொழுஉரத்தை மட்டும் நம்பி நெல் நட்டவர்களுக்குப் பயிர் வெளிறுவதில் ஆச்சரியமே இல்லை.

எருவின் அளவைவிடத் தரத்தில்தான் நம் ஊரில் நட்டம் அதிகம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பாதிக்குப் பக்கம் கோமியத்தில் போகிறது. மண் தரைக் கொட்டிலில் அது அங்கேயே ஊறி வீணாகிறது. மாட்டுக்கு நாளைக்கு 2 முதல் 3 கிலோ வைக்கோல் கூளமோ காய்ந்த சருகோ அடியில் பரப்பி, மறுநாள் காலை சாணத்தோடு அள்ளிக் குழியில் போட்டால் அந்தச் சத்தின் பெரும்பகுதி தங்கும். 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழத்தில் இரண்டு குழி போதும். ஒன்று நிரம்ப ஆறு மாதம்; அது மட்கும்போது மற்றது நிரம்பும். நிரம்பியதும் சாணமும் மண்ணும் குழைத்து மேலே பூச வேண்டும். குழிக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் கட்டாயம். ஐப்பசி மழையில் திறந்து கிடக்கும் எருக்குழியிலிருந்து பழுப்பு நிறத்தில் வழிந்தோடும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல்சத்தும் தழைச்சத்தும் அதில்தான் கரைந்து போகின்றன.

எரு மட்கிவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு கைப்பிடி எருவை ஈரமாக்கி பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கும்போது முதல் மழை மண்வாசம் வந்தால் தயார். நாற்றம் குப்பென்று அடித்தால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். மட்காத எருவோடு வேர்ப்புழுவும், பார்த்தீனிய விதையும், கோரைக் கிழங்கும் சேர்ந்தே வயலுக்குப் போகும். தென்னை இருக்கும் ஊரில் காண்டாமிருக வண்டு முட்டையிடுவதும் எருக்குழியில்தான். வெள்ளையாக, வளைந்து, கட்டைவிரல் தடிமனில் புழு தென்பட்டால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றலாம்.

மண்புழு உரம் கூடுதல் சாணம் அல்ல

மண்புழு உரத்தில் தழைச்சத்து ஒன்று முதல் ஒன்றரை சதவீதம். தொழுஉரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. அதனால் சத்து பெருகிவிட்டதாக நினைக்கக் கூடாது. அதே சாணம்தான் சுருங்கி அடர்ந்திருக்கிறது. சத்து வீணாவது குறையும், பயிருக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்பதுதான் உண்மையான லாபம். ஒன்றரை ஏக்கர் நெல்லுக்கு மண்புழு உரம் தயாரிப்பது வீண் உழைப்பு. நாற்றங்காலுக்கும், கத்தரி நடும் குழிக்குக் கைப்பிடி கைப்பிடியாகப் போடவும் இதற்கு இணையில்லை. அதற்கு 10 அடிக்கு 3 அடித் தொட்டி ஒன்று போதும். இரண்டு மூன்று கிலோ புழு விடலாம்.

தொட்டி தோற்பது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். பச்சைச் சாணத்தை நேராகப் போட்டால் அது மட்கும் சூட்டில் புழு செத்துவிடும். 15, 20 நாள் வெளியில் குவித்து, ஆற விட்டுத்தான் போட வேண்டும். இரண்டாவது எறும்பு. தொட்டியைச் சுற்றி நாலு விரல் அகலத்தில் தண்ணீர் வாய்க்கால் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் புழு காலி. சித்திரை வெயிலில் ஈரச் சாக்கு போர்த்தி, கைப்பிடி எருவைப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரத்தில் வைத்திருங்கள்.

தக்கைப்பூண்டு: நெல் வயலின் அடித்தளம்

மேலே சொன்னவை எல்லாம் இருக்கும் சத்தை இடம் மாற்றுகின்றன. தக்கைப்பூண்டு போல, மடக்கி உழுவதற்காகவே வளர்க்கும் பசுந்தாள் பயிர்தான் காற்றிலிருந்து புதிதாகத் தழைச்சத்தை இழுத்து உங்கள் வயலில் சேர்க்கிறது. இரண்டு மாடு மட்டும் உள்ள வீட்டுக்கு இது விருப்பத் தேர்வே அல்ல, கட்டாயம் என்றே சொல்வோம்.

ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. நன்றாக வந்தால் 45 முதல் 50 நாளில் 7 முதல் 10 டன் பச்சைத் தழை. பச்சையாக எடை போட்டால் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம். ஏக்கருக்கு 35 கிலோவுக்குக் குறையாது. அதில் முதல் நெல்லுக்குக் கிடைப்பது பாதிக்குக் கீழ்தான். ஆனாலும் தொழுஉரத்தைவிட விரைவாக, நாற்று வேர் பிடித்துத் தூர் கட்டும் நேரத்தில் கிடைக்கிறது.

நாள் கணக்கு இப்படி வரும். ஆடி முதல் வாரம் விதைப்பு. ஆவணி முதல் வாரம் நெல் நாற்றங்கால். ஆவணி மூன்றாம் வாரம், பூ எடுக்கும் தறுவாயில், மடக்கி உழவு. ஒரு வாரம் தண்ணீர் கட்டி அழுகவிட்டு நடவு. வாய்க்காலில் தண்ணீர் வரத் தாமதமானால் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இரண்டு மூன்று தண்ணீர் கொடுத்தாலே தக்கைப்பூண்டு எழுந்துவிடும்.

முதன்முறை விதைக்கும் வயலில், வேர் முடிச்சில் தங்கிக் காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரை விதையோடு கலந்து விதைப்பது நல்லது. 30ஆம் நாள் நாலைந்து செடியை மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கசிந்ததுபோல் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் செடி மண்ணிலிருந்துதான் சத்தை உறிஞ்சுகிறது, காற்றிலிருந்து இல்லை. உழுதாலும் புதிதாக எதுவும் சேராது. மணிச்சத்து குறைந்த மண்ணிலும் முடிச்சு சரியாகப் பிடிக்காது. அங்கே விதைக்கும்போதே ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத் தூள்) போடுவது பலன் தரும். களர் மண்ணில் ராக் பாஸ்பேட் கரையாது, செலவு வேண்டாம்.

பெரும்பாலோர் தவறுவது நாளில். "இன்னும் நன்றாக வளரட்டும்" என்று 65, 70 நாள் விட்டுவிடுகிறார்கள். தண்டு கட்டையாகிவிட்டால் அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்களே மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். நட்ட நாற்று முதல் மூன்று வாரம் மஞ்சளாக நிற்கும். தண்டை வளைத்தால் மடக்கென்று ஒடிந்து ஈரம் தெரிய வேண்டும். நார் உரிந்து தொங்கினால் நாள் கடந்துவிட்டது. பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் 40 நாளிலேயே உழுதுவிடுவது மேல், இல்லையென்றால் தண்டு கத்தியில் சுற்றிக்கொண்டு அரை நாள் வேலை கெடும். டிராக்டர் என்றால் இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டிக் கேஜ் வீலால் (இரும்புக் கூண்டுச் சக்கரத்தால்) மிதித்தால் போதும்.

தண்ணீர் வடியாத வயலில் பசுந்தாளை நிறைய மடக்கி உழுதால் நாற்றின் வேர் கறுத்து, பிடுங்கினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். சில வயல்களில் துத்தநாகக் குறையும் தலைகாட்டும்: நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துரு நிறப் புள்ளி, திட்டுத் திட்டாகக் குட்டைப் பயிர். தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டுப் பாய்ச்சுவதே முதல் மருந்து. காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது வெறும் தண்ணீர்ச் சிக்கனம் இல்லை. பசுந்தாள் மட்கும் வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுவதையும் அது குறைக்கும்.

தக்கைப்பூண்டுதான் வேண்டுமென்று இல்லை. அது களர், உவர், தேங்கும் தண்ணீர் எல்லாம் தாங்கும். இளக மண்ணுக்கும் தண்ணீர் குறைவான இடத்துக்கும் சணப்பை பொருத்தம். ஆனால் ஒருநாள் தண்ணீர் நின்றாலே படுத்துவிடும். ஆடு மாடு அவிழ்த்துவிடும் ஊரில் கொழுஞ்சிதான் பிழைக்கும், மாடு அதைத் தொடாது. கொழுஞ்சி விதைக்குத் தோல் கடினம். மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்க வேண்டும். தொடக்க வளர்ச்சி மெதுவாக இருந்தாலும் ஒருமுறை காய்த்து உதிர்ந்தால் அடுத்த வருடம் தானாகவே முளைக்கும். வளம் மிகவும் குன்றிப்போன நிலத்துக்கு, நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய பலதானிய விதைப்பு நல்ல தொடக்கம்: தானியம், பயறு, எண்ணெய்வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் என ஐந்து வகையும் கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ. தானியமும் எண்ணெய்வித்தும் கலந்திருப்பதால் தழைச்சத்து தக்கைப்பூண்டு அளவுக்குச் சேராது. மண்ணுக்குக் கிடைக்கும் வேர் வகையும் உயிர்ப் பெருக்கமும்தான் அதன் பலன்.

வேலியில் ஒரு எருக்கிடங்கு

இரண்டு ஏக்கருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 1,200 அடி. மூன்றடிக்கு ஒன்றாக கிளைரிசிடியா என்ற தழை மரத்தின் போத்து (கிளைத் துண்டு) நட்டால் 400 மரம். இரண்டு வருடம் கழித்து மரத்துக்கு வருடம் 5, 6 கிலோ தழை வந்தாலே 2 டன். அதில் தழைச்சத்து 14, 15 கிலோ. உங்கள் இரண்டு மாடும் வருடமெல்லாம் தரும் எருவில் இருப்பதற்கு முக்கால் பங்கு, ஒரு சென்ட் நிலம்கூடக் கெடாமல். ஐப்பசி மழையில் மூன்றடிப் போத்தை அரையடி ஆழத்தில் ஊன்றினால் போதும். நடவுக்கு முன் வெட்டிச் சேற்றில் மிதிப்பதோடு, நெல்லுக்கு நிழல் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கூலிதான் இதன் செலவு.

வெளியிலிருந்து வருபவை

ஆட்டுக்கிடை கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அறுவடை முடிந்த வயலில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் பட்டி அடைத்தால் புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும். அது எருவண்டியில் வராத சத்து. பட்டியை இரவுக்கு இரவு நகர்த்தச் சொல்லுங்கள். கிடை எடுத்த மறுநாளே ஒரு உழவு போட்டுவிட வேண்டும். பங்குனி வெயிலில் ஒரு வாரம் விட்டால் மூத்திரச் சத்து ஆவியாகிவிடும். மந்தை அதற்கு முன் எங்கே மேய்ந்தது என்றும் கேளுங்கள். சீமைக்கருவேலங்காய் தின்ற ஆட்டின் புழுக்கையில் அந்த விதை சாகாமல் வந்து வயலெங்கும் முளைக்கும்.

கோழி எருவில் தழைச்சத்து 3 சதவீதம். விலையும் மலிவு. ஆனாலும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கூண்டுப் பண்ணை எருவை இயற்கை விளைபொருள் சான்றளிப்பு விதிகள் ஏற்பதில்லை. மருந்து எச்சமும் உப்பும் கூடவே வரும். சூடு ஆறாமல் போட்டால் வேர் கருகும்.

பிண்ணாக்கு அவசரத்துக்கு உதவும் கை. கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதம், வேப்பம் பிண்ணாக்கில் 5. தூர் கட்டும் நேரத்தில் நெல் வெளிறினால் ஏக்கருக்கு 50 கிலோ கடலைப் பிண்ணாக்கு 3.5 கிலோ தழைச்சத்தை விரைந்து தரும். தூளை மேலாக விடாமல் மண்ணோடு கலக்க வேண்டும்; எலியும் நாயும் தோண்டும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் நஞ்சு பாலுக்கு வரும். அதை வயலுக்குத் தள்ளிவிடுங்கள். கத்தரிக்கு நடவின்போதே அரை ஏக்கருக்கு 50 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போட்டால் வேரைத் தாக்கும் நூற்புழுவும் அடங்கும்.

ஜீவாமிர்தம் என்ன செய்யும், என்ன செய்யாது

200 லிட்டர் தண்ணீரில் பத்துக் கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண். இரண்டு நாள் நிழலில் வைத்துக் காலை மாலை கலக்கி, ஒரு ஏக்கருக்குப் பாசனத் தண்ணீரோடு விடுவது முறை. சாணத்தில் 40 கிராம், கோமியத்தில் 90, மாவில் 70 என்று கூட்டினால் தழைச்சத்து 200 கிராம். பத்துமுறை விட்டாலும் 2 கிலோ. ஏக்கருக்கு 22 கிலோவுக்கு மேல் கேட்கும் நெல்லுக்கு இது உணவாகாது.

அதை உணவாக நினைத்ததில்தான் பிழை. ஜீவாமிர்தத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரும் அதை நுண்ணுயிர் ஊட்டம் என்றே சொல்கிறார். கூடவே மூடாக்கும் (சருகு, வைக்கோலால் மண்ணை மூடுவது) பயறு ஊடுபயிரும் வேண்டும் என்கிறார். மூடாக்கை விட்டுவிட்டு டிரம்மை மட்டும் பிடித்துக்கொண்ட வயலில் என்ன நடக்கும்? நுண்ணுயிர் பெருகி, மண்ணில் ஏற்கெனவே உள்ள மட்கைக் கரைத்துக் கொடுக்கும். ஓரிரு பருவம் பயிர் பச்சையாக நிற்கும். ஜீவாமிர்தம் நெற்குதிரிலிருந்து நெல் அள்ளித் தரும் ஆள். குதிரில் நெல் நிரப்பும் ஆள் அல்ல. தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலில், மூடாக்குப் போட்ட காய்கறிப் பாத்தியில் விடுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

பஞ்சகவ்யா இலைத்தெளிப்புக்கு: 10 லிட்டருக்கு 300 மில்லி, இரண்டு முறை வடிகட்டி, மாலையில். கீரைக்கும் வெள்ளரிக்கும் சாணக் கரைசல் எதையும் இலைமேல் தெளிக்காதீர்கள்; பச்சையாகத் தின்னும் பொருளில் வயிற்றுக்கோளாறுக் கிருமி தங்கும். வேரில் ஊற்றினால் போதும்.

பணத்தில் எது மலிவு?

ஒரு கிலோ எருவின் விலையை நூறால் பெருக்கித் தழைச்சத்துச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு கிலோ தழைச்சத்தின் விலை வரும். ஓர் உதாரணம்: கிலோ 10 ரூபாய் மண்புழு உரம், ஒன்றரை சதவீதம் என்றால் 667 ரூபாய். 50 ரூபாய் கடலைப் பிண்ணாக்கு 714. டன் 1,500 ரூபாய்க்கு வாங்கும் தொழுஉரம் 300. தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு விதை 2,000, உழவு 3,000 என்றாலும் 35 கிலோவுக்கு வகுத்தால் 143. ஜீவாமிர்தம், வெல்லமும் மாவும் சேர்த்து டிரம்முக்கு 320 ரூபாய் என்றால், 1,600. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். எண் மாறும், வரிசை அவ்வளவாக மாறாது. தமிழக அரசின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் விதை மானியத்தில் தந்திருக்கிறார்கள். ஆனி பிறந்ததும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிப்பது நல்லது.

எதை எங்கே போடுவது

தொழுஉரம் 4 டன்னும் அரை ஏக்கர் காய்கறிக்கே போகட்டும். காய்கறிக்கு ஏக்கருக்கு 10 டன் என்பது வழக்கம். அரை ஏக்கருக்கு 5. அந்த அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது. நெல் வயலுக்கு ஒரு கூடைகூடத் தர வேண்டாம். இதைச் சொன்னால் பலருக்கு மனம் ஒப்பாது, நெல்லுக்குத்தான் முதல் மரியாதை என்று பழகியிருக்கிறோம். நெல்லுக்கு 50 நாள் காலியிடமும் சேறும் இருக்கிறது, பசுந்தாள் கொடுக்க முடியும். வருடம் முழுக்கப் பயிர் நிற்கும் காய்கறிப் பாத்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒன்றரை ஏக்கருக்கும் தக்கைப்பூண்டு, மூன்றாம் வருடத்திலிருந்து வேலித் தழை, முதல் இரண்டு வருடம் மட்டும் தூர் கட்டும்போது கைக்காவலாகப் பிண்ணாக்கு.

ஆடியில் தண்ணீருக்கு வழியே இல்லாத மானாவாரி நிலமென்றால் வரிசை மாறும். மழைக்கு முளைக்கும் கொழுஞ்சி, கிடை, வேலித் தழை என்று போக வேண்டும். தொழுஉரத்தை விதைச்சாலில் மட்டும் போட்டுச் சிக்கனப்படுத்தலாம். மாடே இல்லாதவர்கள் காய்கறிப் பரப்பைக் கால் ஏக்கராகக் குறைத்து, அதற்கு மட்டும் எரு வாங்குவது தாங்கும்.

தக்கைப்பூண்டை மடக்கி உழும்போது வரப்போரம் ஒரு வரிசையை விட்டுவையுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மார்கழிவாக்கில் காய் பழுக்கும். வெடித்துச் சிதறுவதற்கு முன், பழுப்பேறிய காயைக் காலைப் பனியிலேயே கொய்து தார்ப்பாயில் காயவைத்துத் தட்டியெடுத்தால் அடுத்த ஆடிக்கு வேண்டிய விதையில் நல்ல பங்கு வரப்பிலிருந்தே கிடைத்துவிடும்.